டிசர்வ் என்ற வினைச்சொல்லும் லாமின் கையும்

ஜெர்மனியின் ஆஹென் நகரத்துக்கென்று ஒரு வாடை உண்டு. பூமிக்கடியிலிருந்து வரும் கந்தக வெந்நீர் நகரத்தின் நடுவில் குழாய் வழியாக வழிந்துகொண்டே இருக்கும். அழுகிய முட்டையின் நாற்றம். உள்ளூர்க்காரர்கள் அதை மருந்து என்று சொல்லிக் கோப்பையில் பிடித்துக் குடிப்பார்கள். 1967 செப்டம்பரில் கணவனோடு வந்து இறங்கிய கனகவல்லி, முதல் வாரத்திலேயே ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். பிறகு அந்த வாடை பழகிவிட்டது. கடைசிவரை பழகாமல் போன வாடை வேறு. அது சொந்த மொழி பேசுகிறவர்களிடமிருந்து வந்தது.

அவள் விருதுநகர்ப் பெண். ஆங்கிலத்தில் எம்.ஏ. மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் மூன்று வருடம் இலக்கணம் நடத்தியவள். கணவன் ரகுநாதனுக்கு ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எந்திரவியல் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது. கூட வந்த மனைவிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. கடவுச்சீட்டில் தொழில் என்ற இடத்தில் ஓர் அதிகாரி, அவளைக் கேட்காமலேயே, இல்லத்தரசி என்று எழுதி முத்திரை குத்தினார். வகுப்புக்கு அறுபது பேரைக் கட்டி மேய்த்தவள், ஒரே ஜன்னல் உள்ள மாணவர் குடியிருப்பு அறையில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சீன உணவகம் இருந்தது. அரிசிச் சோறு கிடைக்கும் என்பதற்காக ஒரு நாள் இருவரும் போனார்கள். உணவுப் பட்டியலில் ஆங்கிலமும் இருந்தது. ‘கோபமான குழம்பில் கோழி’ என்று பொருள்படும்படி ஒன்று, ‘சோகமான காளான்’ என்று ஒன்று. கனகவல்லியால் சும்மா இருக்க முடியவில்லை. கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து மூன்று பக்கத்தையும் திருத்தி வைத்தாள். பரிமாறுகிறவன் அதைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போனான். சற்று நேரத்தில் ஒரு சமையல்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, திருத்தப்பட்ட தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, டீச்சரா என்று ஒரே சொல்லில் கேட்டார். ஜெர்மனிக்கு வந்த பிறகு அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஆமாம் என்றாள்.

அவர்தான் லாம். ஹாங்காங்கின் வடபகுதியில் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர், முப்பத்துநாலு வயது. ஊரில் நான்காம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்திருந்தார். இங்கிலாந்தில் மைத்துனன் உணவகம் வைத்திருக்கிறான், என்றாவது அங்கே போய்விட வேண்டும் என்பது அவர் கணக்கு. அவருக்கும் இன்னும் இரண்டு சமையல்காரர்களுக்கும், மதியச் சாப்பாடு முடிந்து இரவுக் கூட்டம் வருவதற்கு முன்னால், திங்கள்கிழமைதோறும் மூன்று மணிக்கு, சமையலறைக்குப் பின்னால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே வகுப்பு தொடங்கியது. சம்பளம் என்று எதுவும் இல்லை. வீட்டுக்குப் புறப்படும்போது இரண்டு டப்பா சோறும் கீரையும் கட்டிக் கொடுப்பார்கள்.

நம் ஊர்க்காரர்கள் இதை விட்டுவைப்பார்களா? ஆஹெனில் அப்போது பதினைந்து தமிழர்கள் இருந்திருப்பார்கள். எல்லோரும் மாணவர்கள், ஆராய்ச்சியாளர்கள், அவர்கள் மனைவிமார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் அறையிலாவது கூடுவார்கள். அப்படி ஒரு ஞாயிறன்று, வேதியியல் படித்துக்கொண்டிருந்த அசோகன் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தான்.

“என்ன மேடம், சைனாக்காரனுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறீங்களாமே. அறுபத்திரண்டுல நம்ம ஆளுங்களைச் சுட்டானே, அவனுக்கா?”

“இவங்க ஹாங்காங்காரங்க. கையில இருக்கிறது வெள்ளக்காரன் பாஸ்போர்ட். இவங்க சண்டை போட்டதெல்லாம் வாணலிகிட்டதான்” என்றாள் கனகவல்லி.

சிரித்தார்கள். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவளுக்குச் ‘சைனா டீச்சர்’ என்று பெயர் விழுந்தது. சாப்பாட்டு டப்பாவில் பாம்பா பல்லியா என்று கேட்டுச் சிரிப்பது பெண்கள் பக்கத்தில் வழக்கமானது. படித்தவர்கள். ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னாலும் இரண்டு பட்டம். கனகவல்லி பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

வகுப்புக்கு அவள் ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கினாள். அச்சிட்ட இலக்கணப் புத்தகங்களால் இந்த மூவருக்கும் பயனில்லை என்பது இரண்டாவது வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. அவளே எழுதினாள். ஒரு வினைச்சொல்லுக்கு ஒரு பக்கம். இடது பாதியில் ஆங்கில வாக்கியங்கள், மேலே தேதி. வலது பாதியில் அவர்கள் கூடிப் பேசி, சண்டை போட்டு, சீன எழுத்தில் பொருள் எழுதுவார்கள். ஒரு திங்களுக்கு ஒரு வினை என்று ஓடிக்கொண்டிருந்த நோட்டு, 1969 பிப்ரவரியில் ‘டிசர்வ்’ என்ற சொல்லில் வந்து சிக்கிக்கொண்டது. அந்த ஒரு சொல்லுக்கு நான்கு பக்கம் போயிற்று. மூன்று திங்கள் போயிற்று.

நன்றாகப் படித்த பெண்ணுக்குப் பரிசு தகும், அங்கே டிசர்வ். திருடியவனுக்குத் தண்டனை தகும், அங்கேயும் டிசர்வ். ஒரே வினை, மாலைக்கும் அதுதான், சாட்டைக்கும் அதுதான். இதை விளக்க அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தபோது லாம் சிரித்தார். எங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது, ‘தை’ என்று சொல்வோம் என்றார். கொடுத்த விலைக்குப் பொருள் நன்றாக இருந்தால் தை. குழந்தை பாராட்டுக்கு உரியது என்றால் தை. உதைக்கு உரியது என்றாலும் தைதான். அதோடு சாவைக் குறிக்கும் ‘ஸெய்’ என்பதைச் சேர்த்து ‘தை-ஸெய்’ என்றால், உனக்கு நன்றாக வேண்டும் என்று பொருள். தை என்பது எங்களுக்கு ஒரு மாதத்தின் பெயர், அறுவடை வீட்டுக்கு வரும் மாதம் என்று கனகவல்லி சொன்னாள். நல்ல மாதம்தான் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். கிடைக்கவில்லை. ஒருவனுக்கு நல்லது நடந்தால் கொடுத்துவைத்தவன் என்கிறோம். எப்போது கொடுத்துவைத்தான், யாரிடம் கொடுத்துவைத்தான் என்று யாரும் கேட்பதில்லை. கெட்டது நடந்தால் தலையெழுத்து என்கிறோம். இரண்டிலும் அவன் உழைத்தானா, எவனாவது அவனை ஏய்த்தானா என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. பாடுபட்டவனுக்கு அதன் பலன் உரிமை என்பதை ஒரே வினையில் சொல்ல நாம் ஏன் முனையவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு எரிச்சலாக வந்தது. அந்தத் தேவை நமக்கு வரவே இல்லை போலிருக்கிறது.

பாடத்தில் ஒரு தொல்லை. மூவரும் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிடுவார்கள். ‘ஐ டிசர்வ்’ என்பார்கள், அதோடு சரி. எதற்கு உரியவர் என்பது வராது. அவர்கள் மொழியில் கேட்பவனுக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அப்படி நிறுத்தினால் வாக்கியம் நொண்டும், கடைசியில் ஒரு ‘இட்’டாவது போடுங்கள் என்று கனகவல்லி மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னாள். ஐ டிசர்வ் இட். ஐ டிசர்வ் இட். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேரும் பள்ளிப் பிள்ளைகளைப் போல ஒப்பித்தார்கள். லாம் மற்ற இருவரையும் விடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். அவள் பாராட்டினாள்.

மார்ச் பத்தாம் தேதி சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னபோது லாம் எழுதியது இது: ‘இந்த வாணலி ஒரு புதிய கைப்பிடிக்கு உரியது.’ டிசர்வ் போட்டே எழுதியிருந்தார். அவள் சிரித்தாள். உழைப்பது மனிதர்கள், வாணலி எப்படி உரியதாகும் என்று கேட்டாள். அந்த எண்ணெய் வாணலியும் பதினாலு வருடமாக உழைக்கிறது, அதன் கைப்பிடி ஆடுகிறது, முதலாளியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன் என்றார் லாம். இலக்கணப்படி குற்றமில்லை என்று அவள் சரி போட்டாள்.

ஏப்ரல் இரண்டாவது வாரம் கைப்பிடி கழன்றது. கொதிக்கும் எண்ணெய் லாமின் வலது கையில், விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுக்கு மேல் நாலு அங்குலம் வரை கவிழ்ந்தது.

அவள் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தாள். கை வெள்ளைத் துணியில் ஒரு தலையணை போலக் கிடந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும், பிறகு நான்கு மாதம் தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விரல்கள் உள்ளே மடங்கி அப்படியே நின்றுவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கத்தி பிடிக்க முடியாத கை சமையல்காரனுக்கு எதற்கு?

முதலாளியும் சீனர்தான், லாமின் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் மருத்துவமனைப் பக்கம் வரவில்லை. ஆனால் கடிதம் எழுதினார். அஜாக்கிரதையால் விபத்து உண்டாக்கிய இந்த ஆளை வேலையிலிருந்து நீக்கிவிட்டேன் என்று வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு ஜெர்மனில் ஒரு பக்கம். வேலை போனால் அதோடு தங்கும் அனுமதியும் போய்விடும். சிகிச்சை முடியும்வரை இங்கே இருக்க விட வேண்டும் என்று லாம் மனு கொடுத்தார். விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

சீன மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் அந்த ஊரில் இல்லை. ஆனால் இவருக்குத்தான் ஆங்கிலம் கொஞ்சம் வருமே, ஆங்கிலமும் ஜெர்மனும் தெரிந்த ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சியாளரை அனுப்புங்கள் என்று அலுவலகம் பல்கலைக்கழகத்தைக் கேட்டது. வந்தவர் சேஷாத்ரி.

சேஷாத்ரி உலோகவியல் ஆராய்ச்சியாளர், கும்பகோணத்துக்காரர். ஆஹெனுக்கு வந்து ஒன்பது வருடம். ஜெர்மன்காரர்களே பாராட்டும் ஜெர்மன் பேசுவார். எந்த இரும்பு எந்தச் சூட்டில் எங்கே விரிசல் விடும் என்று சொல்லக்கூடியவர். ரகுநாதனை அவனுடைய பேராசிரியரிடம் சிபாரிசு செய்ததும் அவர்தான். நம்ம ஆள் கூட வருகிறார் என்று கேட்டதும் கனகவல்லிக்கு உயிர் வந்தது போலிருந்தது. விசாரணைக்கு முந்திய இரண்டு மாலைகளும் லாமைத் தயார் செய்தாள். நீளமாகப் பேச வேண்டாம், தடுமாறுவீர்கள். சிகிச்சை வேண்டுமா என்று கேட்டால் சுருக்கமாக, இரண்டு வருடம் உழைத்தேன், ஐ டிசர்வ் இட் என்று சொல்லுங்கள் என்றாள். லாம் தலையை ஆட்டினார்.

நடந்ததை லாம் பிறகு அவளிடம் சொன்னார். அதிகாரி முதலாளியின் கடிதத்தை முழுக்கப் படித்தார். சேஷாத்ரி அதை ஆங்கிலத்தில் இரண்டு வரியாகச் சுருக்கினார்: உன் அஜாக்கிரதையால்தான் இந்தக் காயம் என்கிறார்கள், நீ சிகிச்சைக்காகத் தங்கக் கேட்கிறாய், என்ன சொல்கிறாய்? பயத்தில் இரண்டு வருட உழைப்பு என்ற முன்பாதி லாமுக்கு மறந்துபோயிற்று. ஐ டிசர்வ் இட் என்று மட்டும், தெளிவாக, மேசையைப் பார்த்துச் சொன்னார். சேஷாத்ரி அவரைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஜெர்மனில் ஒரு வாக்கியம் சொன்னார். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், எழுதினார். லாம் இடது கையால் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் சேஷாத்ரி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாராம். காரியம் ஜெயம் என்று நினைத்துக்கொண்டு லாம் பஸ் ஏறினார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. மே மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். விசாரணைக் குறிப்பின் நகலும் அதோடு இருந்தது. கனகவல்லியின் ஜெர்மன் காய்கறி வாங்கத்தான் போதும். ரகுநாதன் வாசித்துக்கொண்டே வந்தான், ஓரிடத்தில் நிறுத்தினான்.

“என்னங்க?”

“‘எஸ் கெஷீட் மிர் ரெஷ்ட்’னு எழுதியிருக்கு, அவர் சொன்னதா.”

“அப்படின்னா?”

ரகுநாதன் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எனக்கு நல்லா வேணும்னு.”

‘இட்’ போடு, ‘இட்’ போடு என்று மேசையைத் தட்டிய தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதற்கு உரியவர் என்பதை முழுதாகச் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தால்? ஒரு மனிதனின் கை, தான் ஒட்டுப்போட்ட இரண்டு எழுத்துச் சொல்லில் தொங்கிப்போனதே. உத்தரவை எதிர்த்து மனுப்போட இரண்டு வாரம் இருந்தது. மொழிபெயர்ப்பில் பிழை என்று மொழிபெயர்த்தவர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், குறிப்பைத் திருத்திவிடுவார்கள் என்று ரகுநாதன் விசாரித்துவிட்டு வந்து சொன்னான்.

சேஷாத்ரி வீட்டில் அவருடைய மனைவி வைதேகி காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கனகவல்லி வாயைத் திறப்பதற்குள் சேஷாத்ரியே பேச்சை எடுத்தார்.

“உங்க ஸ்டூடண்ட்டா அவர்? எவ்வளவு பக்குவம், பாத்தேளா? தனக்கு வந்ததைத் தானா ஏத்துண்டார். நம்மவாளுக்கே அந்த மனசு வராது. அன்னிக்கு முழுக்க வைதேகிகிட்ட அதையேதான் சொல்லிண்டிருந்தேன்.”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். இந்த மனிதர் முதலாளியிடம் விலை போயிருப்பாரோ என்றுகூட வரும் வழியில் சந்தேகப்பட்டிருந்தாள். அப்படி இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை என்று இப்போது தோன்றியது. இவர் மனமுருகியிருக்கிறார். ஒருவன் கை வெந்ததைப் பார்த்து, அவன் அதை ஒத்துக்கொண்டான் என்று நினைத்து, உள்ளூர மகிழ்ந்திருக்கிறார்.

“அவர் ட்ரீட்மெண்ட்டைச் சொன்னார் சார். ‘இட்’னு சொன்னது அதைத்தான்.”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

“எதுன்னு கேட்டிருக்கலாமே. நீங்க கேட்ட கேள்வியில ரெண்டு விஷயம் இருந்துச்சு. கை வெந்தது ஒண்ணு, வைத்தியம் ஒண்ணு. அதுல வெந்ததுதான் உங்களுக்கு முதல்ல தோணிச்சு.”

சேஷாத்ரி பொறுமையாகச் சிரித்தார். அந்த வினைக்கு இரண்டு பொருளும் உண்டு என்பதை எம்.ஏ. படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ஜெர்மனிலும் ‘ஃபெர்டீனன்’ என்று இரண்டு முகமும் உள்ள ஒரு சொல் இருக்கிறது என்று என் கணவர் சொன்னார், அதைப் போட்டிருந்தால் அந்த அதிகாரியாவது எது என்று கேட்டிருப்பார், நீங்கள் அதை விட்டுவிட்டுத் தேடிப் பிடித்து இதைப் போட்டிருக்கிறீர்கள் என்றாள் அவள். சேஷாத்ரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு சொன்னார்:

“லோகத்துல எதுவும் காரணமில்லாம நடக்கறதில்லை, கனகவல்லி. நமக்குப் புரியலைங்கறதுக்காக...”

“காரணம் கைப்பிடி சார். ஆணி கழண்ட கைப்பிடி. இரும்பு எங்க விரிசல் விடும்னு கண்டுபிடிக்கிறவர் நீங்க. இதுக்குப் போன பிறவிக்கெல்லாம் போக வேணாம், போன மாசத்துக்குப் போனா போதும்.”

அவர் முகம் மாறியது. கையெழுத்துப் போட முடியாது என்று நேராகவே சொன்னார். தப்பாக மொழிபெயர்த்தேன் என்று எழுதிக் கொடுத்தால் அது பல்கலைக்கழகத்துக்குப் போகும், பேராசிரியர் காதுக்குப் போகும், ஒன்பது வருடப் பெயர் என்னாவது? வேறு வழி பார்க்கிறேன், அந்த மனிதர்மேல் எனக்கும் இரக்கம் உண்டு என்றார்.

அசோகனிடமும் போய்ப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கர்மாவும் விதியும் ஏமாற்று என்று தொண்டை நரம்பு புடைக்கப் பேசுகிறவன், சேஷாத்ரி நெற்றியில் இட்டுக்கொண்டு வந்தால் பின்னால் கண்ணடிக்கிறவன். அவனுக்கும் ஜெர்மன் நன்றாக வரும். அலுவலகத்துக்குக் கூட வந்து, இந்த ஆங்கில வாக்கியத்துக்கு அந்த ஜெர்மன் பொருந்தாது என்று ஒரு வார்த்தை சொல் என்று கேட்டாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். உதவித்தொகை நீட்டிப்புக்குச் சேஷாத்ரியின் கடிதம் வேண்டியிருக்கிறதே என்றான்.

“கொள்கை வேற, ஆஃபீஸ் வேற மேடம். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். விதியை நம்புகிறவன் ஒருவன், நம்பாதவன் ஒருவன். லாமின் கைக்கு இருவராலும் ஆனது ஒன்றுதான். சாமி கும்பிடுகிறவனை விட, இவனைப் பார்க்கத்தான் அவளுக்கு அதிகமாக அருவருப்பாக இருந்தது.

கடைசியில் அவளே போனாள். ரகுநாதனிடம் கேட்டு நாலு ஜெர்மன் வாக்கியங்களை நெட்டுருப் போட்டுக்கொண்டு, கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட லாமையும் கூட்டிக்கொண்டு, கட்டம் போட்ட நோட்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அதிகாரி ஒன்றும் கொடுமைக்காரர் அல்ல. நாற்காலி போட்டார். நோட்டைப் புரட்டினார். மார்ச் பத்தாம் தேதி போட்ட வாணலி வாக்கியத்தை, அவருக்கும் ஆங்கிலம் ஓரளவு தெரியும், இரண்டு முறை படித்தார். பிறகு இது ஒரு பயிற்சி நோட்டு என்றார். மொழிபெயர்த்தவரின் கையெழுத்து எங்கே என்று கேட்டார். நீங்கள் யார் என்று கேட்டார். ஆசிரியை என்றாள். அவர் அவளுடைய கடவுச்சீட்டை வாங்கி, தொழில் என்ற இடத்தில் விரலை வைத்து, அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

மே இருபதாம் தேதி லாமுக்கு இன்னொரு கடிதம் வந்தது. சேஷாத்ரி வேறு வழி பார்த்துவிட்டார். பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த தாளில், அருமையான ஜெர்மனில், இந்த ஏழை மனிதர் தன் தவற்றை உணர்ந்துவிட்டார், எனவே இவர்மேல் இரக்கம் காட்ட வேண்டும் என்று அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். அலுவலகமும் இரங்கியது. சிகிச்சைக்கு நான்கு மாதம் தங்கலாம். விபத்து தன் அஜாக்கிரதையால் நடந்தது, இது குறித்து யார்மேலும் எந்தக் கோரிக்கையும் எனக்கில்லை, கருணைக்கு நன்றி என்று இணைத்திருந்த தாளில் லாம் கையெழுத்திட வேண்டும்.

வெங்காய மூட்டைகளுக்கு நடுவே இனி வகுப்பு இல்லை. லாம் தங்கியிருந்த மேல்மாடி அறையில், ரகுநாதன் எழுதிக் கொடுத்த பொருளை வைத்துக்கொண்டு, கனகவல்லி அந்தத் தாளை ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னாள். ஒன்றையும் சுருக்கவில்லை. லாம் கேட்டுக்கொண்டே வந்து, கருணை என்ற இடத்தில் நிறுத்தினார்.

“இது என்ன வினை, டீச்சர்?”

“வினை இல்லை. பெயர்ச்சொல். யாரும் செய்ய வேண்டியதில்லை. மேலிருந்து வரும்.”

“நான் கேட்டது இதுவா?”

“இல்லை” என்றாள் அவள். “நாலு மாதம் நீங்கள் கேட்டதுதான். மற்றதெல்லாம் அவர்கள் சேர்த்தது. உங்கள் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். இதில் கையெழுத்துப் போட்டால் அதை இனி எங்கேயும் சொல்ல முடியாது.”

லாம் துணிக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகளை அசைத்துப் பார்த்தார். அசைந்தது கட்டைவிரல் மட்டும்தான். கை வேண்டும் டீச்சர் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, இடது கையில் பேனாவை வாங்கி, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். அவள் அவரைத் தடுக்கவில்லை. தடுப்பதற்கு அது அவளுடைய கை அல்ல.

அடுத்த ஞாயிறன்று எல்லோரும் சேஷாத்ரியைக் கொண்டாடினார்கள். ஒரு சைனாக்காரனுக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார், என்ன மனசு என்றார்கள். அசோகன்தான் எல்லோரையும் விட உரக்கப் பேசினான். வைதேகி கேசரி செய்துகொண்டு வந்திருந்தாள். வரும் வழியிலேயே ரகுநாதன், ஒரு நன்றி சொல்லிவிடு, நமக்கும் அவர் வேண்டியவர் என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டிருந்தான். சேஷாத்ரியே பக்கத்தில் வந்து நின்றார்.

“எப்படியோ நல்லபடியா முடிஞ்சுதே. உங்களுக்குத் திருப்திதானே?”

“நாலு மாசம் வாங்கிக் குடுத்தீங்க. அதுக்குப் பதிலா அவர்கிட்டருந்து என்னத்தை எடுத்துக்கிட்டீங்கன்னு உங்களுக்கே தெரியும்” என்றாள் கனகவல்லி. “இரக்கம் காட்டறது ரொம்ப ஈசி சார். தப்புப் பண்ணினேன்னு ஒரு வரி எழுதறதுதான் கஷ்டம். அந்த ஒரு வரிக்கு அவர் உரியவர்.”

அவள் தட்டைத் தொடாமல் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். ரகுநாதன் பின்னாலேயே வந்தான். பஸ் நிறுத்தம் வரை இருவரும் நடந்தார்கள். பஸ் வந்தபோது, பேராசிரியரிடம் நாளைக்கு நானே நேரில் பேசிக்கொள்கிறேன், இனி எனக்குச் சேஷாத்ரியின் சிபாரிசு வேண்டாம் என்று அவன் சொன்னான். பஸ்ஸில் அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

லாமின் கை செப்டம்பரில் திறந்தது. மூன்று விரல் நிமிர்ந்தது. இரண்டு பாதியில் நின்றுவிட்டது. எல்லைக்கு அப்பால் ஹாலந்தில் ஓர் உணவகத்தில் பாத்திரம் துலக்க இடம் கிடைத்து, அக்டோபர் முதல் வாரம் பஸ்ஸிலேயே போய்விட்டார். இங்கிலாந்துக்குப் போனாரா என்பது தெரியாது.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு கனகவல்லி எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. மாலை நேர ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாள். நான்கு வருடம் படித்தாள், இரண்டு முறை தோற்றாள். 1973இல் தேர்வு எழுதி, நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்து, ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளர் ஆனாள். கடவுச்சீட்டைத் திருத்தி எழுத வைத்தாள். ஹாங்காங், மலேசியா, கானா என்று எங்கெங்கிருந்தோ வந்து, உடைந்த ஆங்கிலத்தோடு மேசைக்கு முன் நிற்கிறவர்களுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். அவள்மேல் அலுவலகங்களில் ஒரே ஒரு புகார்தான்: ரொம்ப மெதுவானவள். இருபது நிமிட விசாரணையை ஒரு மணி நேரமாக்குகிறாள்.

1973 நவம்பரில் அதே அலுவலகத்தில், அதே அதிகாரி முன்னால், கப்பல் வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவர் நின்றார். அதிகாரி கேட்ட நீளமான கேள்விக்கு அவர், ஆமாம், நான்தான் அதைச் செய்தேன் என்றார். அதிகாரியின் பேனா தாளைத் தொட்டது. கனகவல்லி மொழிபெயர்க்கவில்லை. அந்த மனிதர் பக்கம் திரும்பி, ‘அதை’ என்றால் எதை என்று கேட்டாள். நேரமாகிறது அம்மணி என்றார் அதிகாரி. இன்னும் பதில் வரவில்லை என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடியும் கேட்டாள்.